டாக்டருக்கா படிக்கப் போறீங்க?

பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்கப் போகிறோம் என்றதும் எங்கள் தெருவில் கேட்ட முதல் கேள்வி இது. "டாக்டருக்கா?" இல்லை. "நர்ஸா?" அதுவும் இல்லை. "அப்புறம் எதுக்கு இன்னும் ரெண்டு வருசம்? குரூப் ஃபோர் எழுதினா சம்பளமாவது வரும்."

நாங்கள் இருவர். ஒருவர் படித்தது விலங்கியல், இன்னொருவர் சமூகப்பணி. வெளியூர்க்காரர்களுக்கு சுவாமிமலை என்றால் கோயில், ஐம்பொன் சிலை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் அது நடவு வேலை. அதனால் தெரு கேட்டது நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மாக்களின் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் முழுதாக ஆறி நாங்கள் பார்த்ததில்லை. குறுவையில் வரும், சம்பாவில் மறுபடி திறக்கும். மருத்துவமனைக்குப் போனால் களிம்பு கொடுத்து, "தண்ணியில நிக்காதீங்க" என்பார்கள். தண்ணீரில் நிற்காமல் நடவுக் கூலி யார் கொடுப்பார்? ருடால்ஃப் விர்ஷோ என்ற ஜெர்மானிய மருத்துவர் 1848-ல் மேல் சைலீசியாவுக்கு டைபஸ் காய்ச்சலை ஆராயப் போனார். மருந்து போதாது, அந்த மக்களுக்குக் கல்வியும் ஜனநாயகமும் வேண்டும் என்று அறிக்கை எழுதினார். எங்கள் அம்மாக்களின் கால் சொல்வதும் அதைத்தான்.

2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தண்ணீர்மீது சந்தேகம் வந்தது. எல்லோரையும் போல நாங்களும் அதில் குற்றத்தைப் பார்த்தோம். கூடவே இன்னொன்றும் புரிந்தது: ஒரு தெருவின் உடம்பைக் கவனித்துக்கொண்டே இருக்க அந்தத் தெருவிலிருந்தே ஆள் வேண்டும்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்துக்கும் தனித்தாள் உண்டு. அதில் ஊர்த்தெரு எவ்வளவு, சேரி எவ்வளவு என்ற பிரிவு இல்லை. "எங்கள் தெருவில் அதிகம்" என்று மனு கொடுத்தால், "ஆதாரம்?" என்று கேட்கிறார்கள். எண்ணப்படாத நோய்க்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஜேஎன்யூ பேராசிரியர் சங்கமித்ரா ஆச்சார்யா, குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கும்போதும் தொடத் தயங்குவதை ஆய்வாகப் பதிவு செய்தார். நாம் அவமானம் என்று சொல்லி அழுததை அவர் அட்டவணையாக்கினார். அந்த வேலையைக் கற்கத்தான் போகிறோம்.

"போராட்டத்தை விட்டுட்டுப் போறீங்களா?" என்று தோழர்களும் கேட்டார்கள். அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. சேரியை ஆய்வு மாதிரியாக்கிப் பட்டம் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காதவர்களை நாமே பார்த்திருக்கிறோம். அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறோம்: நாங்கள் எடுக்கும் எந்தக் கணக்கும் முதலில் எங்கள் தெருவில் வாசிக்கப்படும்.

மாணவத் தோழர்களே, இந்தப் படிப்புக்கு மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை. பிற பட்டதாரிகளைச் சேர்க்கும் நிறுவனங்கள் உண்டு. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைக் கேட்டு வாங்குங்கள். அது சலுகை இல்லை, உரிமை.

கடைசியாக அம்மா கேட்டார்: "எங்க காலுப் புண்ணையும் எழுதுவீங்களா?"

எழுதுவோம் அம்மா. பக்கத்திலேயே உங்கள் கூலியையும் எழுதுவோம்.

ஜெய்பீம்.