ரிச்சி தெருவில் ஒரு பிற்பகல்

1734-ம் வருஷத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய இடம் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பதே அப்படி ஆயிற்று என்பார்கள். இன்று அங்கே தறிச் சத்தம் இல்லை. பேட்டையைச் சேர்ந்த ரிச்சி தெருவில் டிரான்ஸிஸ்டர் முதல் வீட்டையே சினிமாக் கொட்டகையாக்கும் சாதனங்கள் வரை எல்லாம் அகப்படும். நடப்பதற்கு இடம் மட்டும் அகப்படாது!

சென்ற மாதம் நான் அங்கே போனதற்குக் காரணம் என் தாயார். "ஏண்டா, படத்தில் சண்டை போடுவது கேட்கிறது, பேசுவது கேட்கவில்லையே!" என்று வெகு நாளாகக் குறைப்பட்டுக் கொண்டிருந்தார். பையனுக்கோ கூரை அதிர வேண்டும். எனக்கு வீணை வீணையாகக் கேட்டால் போதும். மூவருக்கும் பொதுவாக ஒரு ரிஸீவர் வாங்குவதென்று முடிவாயிற்று.

முதல் கடைக்காரர், "7 ஒலிபெருக்கி, 150 வாட், ஸார்!" என்றார். விலையைக் கேட்டதும் என் சம்பளம் கண் முன் நின்றது. யோசித்துச் சொல்வதாகக் கூறி வெளியேறினேன்.

அடுத்த சந்தில் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர், "அறை எவ்வளவு பெரிது, ஸார்?" என்று கேட்டார். "12 அடிக்கு 10 அடி" என்றேன். அவர் சிரித்தார்.

"வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். அதுவும், அட்டையில் உள்ள பெரிய எண் பெரும்பாலும் ஒரே ஒலிபெருக்கியை ஓட்டி அளந்தது. இரண்டை ஒருமிக்க ஓட்டி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அளந்த எண்ணைக் கேளுங்கள். உங்களுக்கு 5.1 போதும். படத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஒலிபெருக்கியில்தான் வரும். அதை மட்டும் தனியே உயர்த்திக் கொள்ளலாம். மிச்சப் பணத்தில் அதை நல்லதாக வாங்குங்கள். சங்கீதத்துக்கு இடமும் வலமும் இரண்டே போதும். ரிஸீவரின் பின்புறம் எத்தனை ஓம் என்று போட்டிருக்கிறதோ, அதற்குக் குறைந்த ஒலிபெருக்கியை மாட்டாதீர்கள், சூடேறும்."

பாடம் நடத்திப் பழகிய நான், அன்று மாணாக்கனாக நின்றேன். வாங்கிய பெட்டிக்கு ஜப்பானியப் பெயர்தான். ஆயினும் அதைத் தேர்ந்தெடுத்த அறிவு சிந்தாதிரிப்பேட்டையில் விளைந்தது. தறி போனாலும் கைத்திறமை அந்தப் பேட்டையை விட்டுப் போகவில்லை!

அன்றிரவு, பலமுறை பார்த்த பழைய படம் ஒன்றைத் தாயார் மறுபடி பார்த்தார். முடிந்ததும் வெகு நேரம் மௌனமாக இருந்தார்.

"பாவம்டா, அவன் நல்லவன்தான். இத்தனை நாளாக வில்லன் என்றல்லவா நினைத்துக் கொண்டிருந்தேன்!" என்றார்.