துடைக்காத கோடு

சென்னை வேளச்சேரியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், வாசலில் நிற்கும் கார்களுக்கெல்லாம் இன்சூரன்ஸ் இருக்கும். வீட்டுக்கு இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார்கள். காருக்குச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வீட்டுக்கு வைத்திருப்பவர்களில் பலருக்கு அது வங்கிக் கடனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எங்களுடையதும் அப்படித்தான். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழைத் தண்ணீர் தரைத்தளத்துக்குள் ஏறி, கட்டில் சட்டம் வரை நின்று வடிந்த பிறகு, அந்தக் காகிதக் கட்டு பீரோவின் மேல்தட்டிலிருந்து கீழே இறங்கியது.

பாலிசியின் பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்கவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்து, 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் அடக்கம். மனைக்கு மட்டும் அதில் விலை கிடையாது. திரும்பக் கட்ட என்ன செலவாகும் என்பதுதான் கணக்கு. கோடி ரூபாய் வீடு என்று நாம் பேசிக்கொள்வதில் பெரும்பங்கு மண்ணின் விலை என்பது அந்தத் தாளைப் பார்த்தால்தான் உறைக்கும். கட்டடத்துக்குப் போட்ட தொகையில் 20 சதவீதம், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே உண்டு. நகையும் கலைப்பொருளும் அதில் சேராது; அவற்றைத் தனியாகச் சொல்லிப் பதிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் படித்தால் புரிகிற விஷயம். க்ளைம் போட்டபின் வந்த முதல் போன்தான் கஷ்டம். "சார், சர்வேயர் வர்ற வரைக்கும் எதையும் தூக்கி எறியாதீங்க. சுவத்துல தண்ணி நின்ன கோட்டைத் துடைச்சிடாதீங்க."

வெள்ளம் வடிந்த வீட்டில் யாரும் சொல்லாமலே கை விளக்கமாற்றைத் தேடும். தெருவே கழுவிக்கொண்டிருந்தது. மாநகராட்சி லாரி வந்து மெத்தைகளையும் ஊறிய மரப்பலகைகளையும் அள்ளிக்கொண்டு போனது. எங்கள் மெத்தை மட்டும் மொட்டை மாடியில் சாட்சியாகக் கிடந்தது. "நாத்தம் பிடிச்சதை வச்சுக்கிட்டு யாருக்குங்க காட்டப் போறீங்க?" என்றாள் மனைவி. அவள் கேட்டதில் தப்பில்லை. சேதம் மேலும் பரவாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று பாலிசியே ஒரு பக்கம் சொல்கிறது. கடைசியில், அளவு டேப்பைச் சுவரில் ஒட்டிப் படம் எடுத்துக்கொண்டு, கூடத்தைக் கழுவிவிட்டு, படுக்கையறைச் சுவரில் மட்டும் கோட்டை விட்டுவைத்தோம். துக்கத்தை மூடி மறைத்து நிமிர்ந்து நிற்பதுதான் கௌரவம் என்று வளர்ந்தவர்களுக்கு, அதை யாரோ வந்து அளக்கும்வரை திறந்து வைத்திருப்பது லேசான வேலையில்லை.

சர்வேயர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்த இளைஞர். அவருக்கு உரிமம் கொடுப்பது ஐஆர்டிஏஐ, அனுப்புவதும் கட்டணம் கொடுப்பதும் காப்பீட்டு நிறுவனம். இந்த ஏற்பாட்டில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் அவர் நியாயமான ஆள். பொருள், வாங்கிய வருடம், விலை, பில் என்று கட்டம் போட்டுக் கேட்டார். பிரிட்ஜுக்குப் பில் இருந்தது. மாமனார் வீட்டுச் சீராக வந்த பீரோவுக்கு எவன் பில் வைத்திருப்பான்? கல்யாண ஆல்பத்தில் அது நிற்கும் படத்தைக் காட்டினோம், ஏற்றுக்கொண்டார்.

கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில் இருந்த கொலு பொம்மைகளில்தான் பேச்சு நின்றது. மண் பொம்மைகள் சேறாகி, காகிதக்கூழ் பொம்மைகள் உப்பிக் கிடந்தன. தசாவதார செட்டில் எது கூர்மம், எது வராகம் என்று தெரியவில்லை. "எங்க பாட்டி காலத்துது தம்பி" என்றாள் மனைவி.

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. பழசு, அபூர்வம்னு எழுதினா கலைப்பொருள்ல போயிடும், பைசா வராது. பொம்மை ஒரு பெட்டினு போடுங்க. இன்னைக்குக் கடையில என்ன விலையோ, அது."

மயிலாப்பூர் கடை விலையைக் கேட்டு எழுதினோம். தொகை வந்தது. பாட்டிக்கு அதில் பங்கில்லை என்பதை அவள் ஒப்புக்கொள்ள ஒரு நவராத்திரி ஆயிற்று.

சுவர்ப் பூச்சுக்குக் கேட்ட தொகையில் பாதியை வெட்டினார்கள். அது பழைய ஓதம், வெள்ளத்துக்கு முந்தியது என்று காரணம். படங்களைப் பார்த்தால் அது உண்மைதான். எதிர்வீட்டுக்காரருக்கு உப்பிப்போன தேக்குக் கதவுக்கே ஒன்றும் தரவில்லை. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது, கட்டணமும் வக்கீலும் வேண்டாம், நிறுவனம் கைவிரித்த ஒரு வருடத்துக்குள் போகலாம் என்றேன். "ஒரு கதவுக்காக யார் சார் அலையறது?" என்றார். அந்தக் கதவு மழைக்காலத்தில் இன்னும் மூட மறுக்கிறது; தோளால் இடித்துத்தான் சாத்துகிறார்.