தகரத் தூம்பு

செய்ய வேண்டிய பணியை நாம் ஏன் ஒத்திப்போடுகிறோம்? சோம்பலே காரணம் என்பர் பலர். எங்கள் தோட்டத்துப் பெட்ரோல் பம்புசெட்டு எனக்கு வேறொரு விடையைக் கற்பித்தது.

வாய்க்கால் நீரை இறைப்பதற்காக என் தந்தையார் வாங்கிய சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் அது. அது கொள்ளும் ஆயில் ஏறத்தாழ 600 மில்லிதான். முதல் 20 மணி நேரம் ஓடிய பின்னும், அடுத்து 100 மணி நேரத்திற்கு ஒருமுறையும் அதனை மாற்ற வேண்டும் என்றது கையேடு. இத்தகைய சிறு எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் ஆயில் ஃபில்டர் இல்லை. உராய்வில் உதிரும் உலோகத்துகளும் கரியும் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆகவே காலந்தவறாது மாற்றுவதே அதற்குக் காப்பு.

அப்பொறுப்பு எனக்குரியது. ஆனால், ஆயிலை வடிக்கும் போல்ட் இரும்புச் சட்டத்தை ஒட்டி இருந்தது. கழற்றினால் ஆயில் சட்டத்தில் வழிந்து, கையையும் தரையையும் பாழாக்கும். அதற்கு அஞ்சியே நாளை, நாளை என்று தள்ளினேன். ஒரு கோடையில், கத்தரி நாற்று நட்ட மூன்றாம் நாள், எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. தந்தையார் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் கூறவில்லை. மறுநாள் விடியலில் அவர் குடத்தில் நீர் சுமந்து நாற்றுக்கு ஊற்றுவதைக் கண்டேன். அந்த மௌனம் இன்றும் என்னைச் சுடுகிறது.

பழுது நீக்கிய முதிய மெக்கானிக், "தம்பி, கஷ்டமான வேலையைத் தள்ளித்தான் போடுவோம். முதல்ல வேலையைச் சுலபமாக்குங்க" என்றார். துண்டுத் தகரம் ஒன்றைத் தூம்புபோல் மடித்து, போல்ட்டின் கீழே செருகினார். அதன் நுனியில், பக்கவாட்டில் வெட்டிய பழைய ஆயில் கேனை வைத்தார். எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டி நிறுத்தினார். சூட்டில் ஆயில் இளகும். பெட்ரோல் குழாயை அடைத்து, பிளக் ஒயரைக் கழற்றினார். மறுபுறம் ஒரு செங்கல்லை வைத்துச் சற்றே சாய்த்தார். பழைய ஆயில் முழுவதும் கேனில் இறங்கியது. தரையில் ஒரு சொட்டும் இல்லை. பின்னர் போல்ட்டை இறுக்கி, எஞ்சினைச் சமதளத்தில் நிறுத்திப் புது ஆயிலை அளவோடு ஊற்றினார். பழைய ஆயிலை மண்ணில் கொட்டினால் கிணற்று நீர் கெடும் என்று எச்சரித்து, அதனைத் தம் பட்டறைக்கே எடுத்துச் சென்றார்.

அதன்பின் ஒருமுறையும் நான் தவறியதில்லை. தகரத் தூம்பு இன்றும் எங்கள் கொட்டகைச் சுவரில் தொங்குகிறது. அன்று மாறியது என் குணமன்று, வேலையின் வழியே. கடமையை வற்புறுத்துவதோடு அதற்கான வழியையும் எளிதாக்கித் தருவதே பெரியோர் இளையோர்க்குச் செய்யத்தக்க பேருதவியாகும்.