ஜெயித்த சீட்டை வெட்டுவது

இருபத்தெட்டு ஆட்டத்தில் ஜாக்கிக்குத்தான் மவுசு. அதற்கு மூன்று புள்ளி, ஒன்பதுக்கு இரண்டு. ராஜா ராணிக்கு ஒன்றுமில்லை. ஆஸ்டின் டவுன் நந்தன் மைதானத்தில் ஒரு பக்கம் ஃபுட்பால் நடக்க, ஓரமாக உட்கார்ந்து மாமா எனக்கு அதைப் பழக்கினார். முதலில் சொன்னது: "நம்மாளு பிடிச்சிட்டாருன்னா துருப்பு போட்டு வெட்டாதடா."

பிறகு அவரே ஆலை கிளப்பில் பிரிட்ஜ் கற்றுக்கொண்டு வந்தார். 1925-இல் பனாமா கால்வாய் வழியாகப் போன கப்பலில் வாண்டர்பில்ட் என்ற கோடீஸ்வரர் பொழுதுபோகாமல் திருத்தியமைத்த ஆட்டம் அது. வியாழன்தோறும் விவேக்நகர் குழந்தை இயேசு கோயில் கூட்டத்தில் பஸ் நகராது. நடந்தே வீடு வந்து, சாப்பிடும் முன் பாயில் சீட்டைப் பரப்புவார்.

"இஸ்பேட் துருப்பு. என் கையில ஏஸ், ராணி, ரெண்டு, கூட ஒரு க்ளாவர். வலது பக்கத்துக்காரன்கிட்ட ராஜாவும் ஒன்பதும். டம்மியில, அதாவது எல்லாருக்கும் தெரிய விரிச்சு வச்ச நம்மாளு கையில, துருப்பே இல்ல. ராஜாவ எப்படிப் பிடிப்ப?"

டம்மியில் டைமன் ஏஸ் இருந்தது, தானாக ஜெயிக்கிற சீட்டு. அதை இறக்கி, தன் துருப்பு ரெண்டால் அவரே வெட்டினார்! எனக்குப் பதறிவிட்டது. க்ளாவரைப் போட்டு டம்மியின் ஏஸுக்குப் போனார். இப்போது எல்லோர் கையிலும் இரண்டிரண்டு சீட்டு. டம்மியிலிருந்து ஆட்டின் வருகிறது; வலது பக்கத்துக்காரனிடம் துருப்பைத் தவிர வேறில்லை. ஒன்பது போட்டால் ராணி, ராஜா போட்டால் ஏஸ். அந்த ரெண்டை வைத்துக்கொண்டிருந்தால் கடைசியில் கையிலிருந்தே இறக்க வேண்டிவந்து ராஜா தப்பித்திருக்கும்.

இதற்கு கிராண்ட் கூ என்று பெயர். வெட்டப்படுவது எப்படியும் தோற்கிற சீட்டு என்றால் வெறும் ட்ரம்ப் கூ. ஜெயிக்கிற சீட்டை வெட்டினால்தான் கிராண்ட். ஹங்கேரிய நாவலாசிரியர் ஆட்லிக், ஹ்யூ கெல்சியுடன் சேர்ந்து 1979-இல் எழுதிய புத்தகத்தில் இதைவிட விபரீதமான ஆட்டங்கள் இருக்கின்றன. நாவல்காரருக்குத்தான் தோன்றும்.

அம்மாவுக்கு எல்லாமே சூதாட்டம். ரம்மி திறமையாட்டம் என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் பிரிட்ஜும் வருகிறது என்று மாமா வாதாடுவார், எடுபடாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அறுபது வயது பிரணாப் பர்தனும் 56 வயது ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்ற செய்தியைக் காட்டினேன். "சீட்டுக்கா?" என்றாள்.

வெட்டுவது பெரிய வித்தையில்லை. வலது பக்கம் துருப்பு குவிந்திருப்பதை ஆட்டத்தின் நடுவிலேயே மோப்பம் பிடித்து, டம்மிக்குத் திரும்பிப் போக ஒரு சீட்டை ஒதுக்கி வைப்பதில்தான் கஷ்டம். விவரமான எதிராளி அந்த க்ளாவர் ஏஸைத்தான் முதலில் கழட்டப் பார்ப்பான்.