நான் கொடுக்காத புகார்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் தர்மபுரியில் ஒரு கல்யாணத்தில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு கேட்டால் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். இப்போது கோவையில் வக்கீல். நிதி நிறுவன மோசடி வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் பக்கம் ஆஜராகிறான்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம், "ஏம்பா, ஊர்ப் பணத்தைச் சுருட்டுனவனுக்குப் போய் வாதாடுறியே?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கோபப்படவில்லை. "அவங்க பக்கமும் கேட்காம தீர்ப்பு சொல்லக் கூடாதுங்களே சார்" என்றான். பிறகு விளக்கினான். 2024 வரை நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 420-இல் ஒருவரைத் தண்டிக்க, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. "தொழில் நொடிச்சுப் போச்சு, ஏமாத்தணும்னு நினைக்கல" என்று வாதாட இடம் இருந்தது. அதனால்தான் தமிழ்நாடு அரசு 1997-இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வாங்கிய டெபாசிட்டைத் திருப்பித் தராததே அதில் குற்றம். 10 ஆண்டு வரை சிறை. சொத்தை அரசு முடக்கி, ஏலம் விட்டுப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். 2011-இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

"அப்புறம் உனக்கு என்னப்பா வேலை?" என்றேன்.

"பணம் கட்டுனதுக்கு ரசீது எங்கே, பேங்க் கணக்குல வந்துதான்னு கேட்போம்ங்க சார். ஆனா எங்களுக்குப் பெரிய பலம் அது இல்ல. பணம் போன ஆயிரம் பேர்ல பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கிட்டு புகாரே தர்றதில்ல. அவங்க பணம் கேஸ் கணக்குலயே வராது."

அதற்கு மேல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லாததை இங்கே சொல்கிறேன். 2011-இல் ஒரு ஈமு கோழிக் கம்பெனியில் ஒன்றரை லட்சம் கட்டினேன். மனைவியின் நகையை அடகு வைத்த பணம். முதல் சில மாதங்கள் பணம் ஒழுங்காக வந்தது. அந்தப் பெருமையில், என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவரையும் சேர்த்துவிட்டேன். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை, என் பேச்சை நம்பிக் கட்டினார்.

2012 ஆகஸ்டில் பெருந்துறைப் பக்கம் ஈமு கம்பெனிகள் வரிசையாகச் சரிந்தபோது நாங்கள் கட்டியதும் மூடிவிட்டது. "சார், பொருளாதாரக் குற்றப் பிரிவுல போய் எழுதிக் கொடுத்துட்டு வரலாமா?" என்று அவர் கேட்டார். நான்தான் தடுத்தேன். "வாத்தியாரே ஏமாந்துட்டான்னு ஊர் சிரிக்கும், விடுங்க" என்றேன். நான் போகாததால் அவரும் போகவில்லை. ஆக, அவர் பணம் இரண்டு முறை போனது. இரண்டாவது முறை போனது என்னால்.

திருப்பூர் பாசி ஃபாரெக்ஸ் வழக்கு நினைவிருக்கும். சுமார் 930 கோடி ரூபாய் விவகாரம். 2009-இல் வெளியே வந்தது. 2022 ஆகஸ்டில்தான் கோவை சிறப்பு நீதிமன்றம் இருவருக்கு 27 ஆண்டு சிறையும் 171 கோடிக்கு மேல் அபராதமும் விதித்தது. 13 ஆண்டு! அவ்வளவு காலமும் புகாரைக் கைவிடாமல் நின்றவர்கள் இருந்ததால்தான் அந்தத் தீர்ப்பு வந்தது. அவர்களில் எத்தனையோ பேர் நம்மைப் போலச் சாதாரண ஆட்கள்தான்.

நேற்று அந்த நண்பரின் வீட்டுக்குப் போய், "தப்பு என்னுதுங்க சார்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அன்னிக்கே போயிருக்கலாம்ங்க சார்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிள்ளைகளே, மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி என்று யார் சொன்னாலும், வாத்தியாரே சொன்னாலும் நம்பாதீர்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் ரசீதையும் பாஸ்புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுங்கள். தனியாகப் போகக் கூச்சமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்