கலை விமர்சனமும் கைத்தொலைபேசியும்

கல்விப் பொதுத் தராதர உயர்தர வகுப்பிற் கலைப்பிரிவு மாணவர்க்குத் ‘தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்’ என்றொரு பாடம் உண்டு. நம் பாடசாலைகள் பலவற்றில் அதற்கு வாய்த்திருக்கும் மதிப்பினை ஆசிரியர் அறையிற் பழகியோர் அறிவர். கணிதமும் விஞ்ஞானமும் கைவரப் பெறாதோர் கலைப்பிரிவுக்கு வருவர் என்பது ஊரவர் கருத்து. கலைப்பிரிவிலும் வேறெதுவும் கைவராதோர் இப்பாடத்துக்கு வருவர் என்பது ஆசிரியர் சிலரின் கருத்து. தமிழ் கற்பிக்கும் எம்மையும் அக்கருத்து முற்றாக விட்டுவைப்பதில்லை என்பதால், ஊடகப் பாடம் கற்பிக்கும் சக ஆசிரியரோடு நாம் கூட்டுச் சேர்ந்ததில் வியப்பில்லை.

மட்டக்களப்பு மாவட்டத்திலுள்ள எமது கல்லூரியில், 2022 ஆம் ஆண்டு தொடக்கம், புதன்கிழமைகளிற் பாடசாலை முடிந்தபின் ஒன்றரை மணி நேரம் மேலதிக வகுப்பொன்றினை நடத்தி வருகிறோம். பாடத்திட்டத்தில் அது இல்லை, புள்ளியும் இல்லை. ஒவ்வொரு மாணவரும் இம்மாவட்டத்தில் நிகழும் கலை நிகழ்வொன்றனை நேரிற் சென்று பார்த்து, பத்திரிகைக்கு எழுதுவது போல ஒரு விமர்சனம் எழுத வேண்டும். அதே நிகழ்வைப் பற்றி ஒலியாலோ நிழற்படத்தாலோ காணொளியாலோ ஓர் ஆக்கமும் செய்ய வேண்டும். ஒன்றைத் தந்து மற்றதைத் தராதுவிட்டால் ஏற்பதில்லை. விதி இவ்வளவே. இவ்விரண்டையும் ஏன் பிணைத்தோம் என்று பலர் கேட்டதுண்டு.

முதல் ஆண்டு வந்து சேர்ந்த விமர்சனங்களை ஒருங்கே வைத்துப் படித்தோம். மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், பொன்னாடை, நன்றியுரை ஆகிய யாவும் வழுவாது இடம்பெற்றிருந்தன. ஆடியவர் எவர், எங்ஙனம் ஆடினார் என்பது மட்டும் இல்லை. பிள்ளைகளைக் குறைகூறிப் பயன் யாது? அவர்கள் படிக்கும் செய்திகள் அவ்வாறே அமைந்துள்ளன. ‘சிறப்பாக’, ‘அருமையாக’, ‘அனைவரையும் கவர்ந்தது’ போன்ற சொற்களைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு எஞ்சியதைப் படிக்குமாறு கூறினோம். ஒரு மாணவனின் தாளில் எஞ்சியவை திகதியும் மண்டபத்தின் பெயரும் மட்டுமே. வகுப்பு முழுவதும் சிரித்தது, அவனும் சிரித்தான்.

ஈழத்தில் இந்நிலை எக்காலத்தும் இருந்ததன்று. பேராதனையில் தமிழ் பயின்று வெளியேறிய க. கைலாசபதி 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராக இருந்த காலத்தில், நாளிதழொன்று இலக்கியக் கருத்துப் போரின் களமாயிற்று. 1966 இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை, எழுத்தாளரையும் கலைஞரையும் அட்டைப்படமாக வெளியிட்டது. பிரபலமான நடிகைக்கு இருந்த இடத்தில் நம் ஊர்க் கலைஞனின் முகம் வந்தமை சிறிய செயலன்று. ஆயினும் அவ்விமர்சன மரபு சிறுகதை, நாவல், கவிதை ஆகியவற்றை நோக்கிய அளவு கூத்தையும் இசையையும் நோக்கவில்லை என்பது எம் எண்ணம். நூலை மீண்டும் புரட்டிப் பார்க்கலாம். கூத்தோ விடிந்ததும் கலைந்துவிடும். விமர்சகன் எழுதியதைச் சரிபார்க்க வாசகனிடம் எதுவுமில்லை.

இன்று கூத்து கலைந்த பின்னும் ஏதோ எஞ்சுகிறது. களரியைச் சுற்றி நிற்கும் இளைஞர் கைகளிலெல்லாம் கமரா இருக்கிறது. இதனால் விமர்சகனின் வேலை ஒழிந்தது என்பார் உளர். எம் மாணவர் முதன்முதல் வடமோடிக் கூத்தொன்றினைப் படம்பிடித்துக் கொண்டுவந்த நாளில் நாம் கண்டது வேறு.

மட்டக்களப்பின் கூத்து வட்டக்களரியில் ஆடப்படுவது. மக்கள் சுற்றிவர இருப்பர். அண்ணாவியார் மத்தளத்தோடு களரியின் நடுவே நிற்பார். சல்லரியும் பிற்பாட்டும் அவரோடு நிற்கும். ஆடுவோர் அவர்களைச் சுற்றி வந்து நாற்புறத்தார்க்கும் முகம் காட்டுவர். அங்கே முன்பக்கம் என்றொன்று கிடையாது. கமராவுக்கோ முன்பக்கம் மட்டுமே உண்டு. மாணவன் பிடித்த படத்தில் அரசனின் வரவு முக்காற் பங்கு முதுகாகவே தெரிந்தது. “சேர், அவர் எங்கட பக்கம் திரும்பயில்ல” என்று அவன் முறையிட்டான். எந்தப் பக்கம் ‘எங்கட பக்கம்’ என்ற கேள்வியில் அன்றைய வகுப்பு முழுவதும் கழிந்தது. அடுத்த கூத்துக்கு நால்வர் நான்கு திசைகளில் நின்றனர்.

ஒலியிலும் இதே கதைதான். மத்தளம் ஓங்கி ஒலிக்கும் கணத்திற் கைத்தொலைபேசி தானாகவே ஒலியைக் குறைத்துக்கொள்ள, பாட்டு அமுங்கிவிடுகிறது. பாட்டைத் தனியே பதிவு செய்ய முயன்ற மாணவியொருத்தி, ஆடுவோன் களைத்துத் தளரும் அடிகளிற் பிற்பாட்டுக்காரர் குரலை உயர்த்தித் தாங்குகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தாள். பல ஆண்டு கூத்துப் பார்த்த எமக்கும் அது புதிது. கருவியின் குறையை வெல்ல முயன்ற இடத்திற் கிடைத்த அறிவு அது. விமர்சனத்தை மட்டும் எழுதச் சொல்லியிருந்தால் கிடைத்திராது.

இனி வெட்டுதலுக்கு வருவோம். இரவு முழுவதும் ஆடிய கூத்தினைப் பத்து நிமிடமாக்க வேண்டும். எதை விடுவது? பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் எதிர்கொண்ட பிரச்சினையும் இதுவே. 1962 இற் ‘கர்ணன் போர்’ மேடையேறியபோது விடியவிடிய நீளும் கூத்து ஓரிரு மணி நேர ஆட்டமாயிற்று. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. நகரத்துக் கற்றோர் கூத்தை மதிக்கத் தொடங்கியது அதன் பேறு. ஊரவர் சேர்ந்து கூடும் இரவு அதில் இல்லாமற் போனது இழப்பு. பின்னாளிற் சி. ஜெயசங்கர் முதலியோர் சீலாமுனையிற் கூத்து மீளுருவாக்கத்தில் ஈடுபட்டபோது, அவ்விழப்பை எண்ணியே சமூகத்தின் நடுவில், வட்டக்களரியில் நின்று தொடங்கினர். இவ்வழக்கில் இரு பக்க நியாயங்களையும் எம் மாணவர்க்குச் சொல்லிவிட்டு, பத்து நிமிடத்தை வெட்டச் சொன்னோம். வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் காரணம் எழுத வேண்டும் என்றோம். ‘இவ்விடத்தை விட்டதற்குக் காரணம்’ என்று அவர்கள் எழுதிய வாக்கியங்களே, ‘அருமையாக’ என்ற சொல்லில்லாத முதல் விமர்சன வாக்கியங்களாக அமைந்தன.

எல்லாம் இப்படி வகுப்பறைக்குள் முடிந்திருந்தால் இதனை எழுதும் தேவை எழுந்திராது.

அயற்கிராமம் ஒன்றிற் கூத்து அரங்கேறியது. அறுபது வயது கடந்த ஒருவர், இளமையில் ஆடிய அதே வேடத்தை மீண்டும் ஆடினார். விடிகாலை மூன்று மணியளவில், சுழன்று வரும் ஆட்டமொன்றிற் கால் தடுமாறி முழங்கால் ஊன்றினார். எவரோ ஒருவர் அதை மட்டும் வெட்டி, சினிமா நகைச்சுவைக் காட்சியின் இசையைச் சேர்த்து முகநூலில் இட்டுவிட்டார். இருபது வினாடி. அது வாட்சப்பில் ஊரூராகச் சுற்றியது. கடைத்தெருவில் அவரைக் கண்ட சிறுவர் அவ்விசையை வாயால் முழக்கினர் என்று கேள்விப்பட்டோம். இனிச் சதங்கை கட்டுவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை வகுப்பில் இதுவே பேச்சாயிற்று. “நடந்ததைத்தானே சேர் போட்டிருக்கு, பொய்யில்லையே” என்றான் ஒருவன். அவன் கூறியதிற் பிழையில்லை. அவ்விருபது வினாடியும் உண்மையாக நிகழ்ந்தவை. கலைஞனின் குறையை மறைப்பது எம் பணி என்று நாம் போதித்திருந்தால், விளக்கேற்றிய கதைக்கே திரும்பிச் சென்றிருப்போம். ஆகவே அவன் கேள்விக்கு விடை சொல்ல அவசரப்படாமல், அன்றிரவு களரியில் இருந்த மாணவி ஒருத்தியை விமர்சனம் எழுதச் சொன்னோம்.

அவள் தடுமாற்றத்தை மறைக்கவில்லை. எந்தத் தருவில், எத்தனை மணி நேர ஆட்டத்தின் பின் அது நேர்ந்தது என்று எழுதினாள். அக்கணத்தில் அண்ணாவியார் தாளத்தை நிறுத்தாது, அதே தாளக்கட்டை மீண்டும் எடுத்து அவர் எழுவதற்கு இடங்கொடுத்ததை எழுதினாள். எழுந்தவர் அடுத்த தருவைப் பாடிய விதத்தையும், அந்த வயதில் இவ்வேடத்தைச் சுமத்தியது சரியா என்ற தன் ஐயத்தையும் எழுதினாள். கடைசி வரி அவருக்கு இனிப்பாயிராது என்பதை எல்லோரும் அறிந்தோம். வெளியிடுமுன் அவர் முன்னிலையிற் படித்துக் காட்ட வேண்டும் என்று வகுப்பு தீர்மானித்தது.

நாமும் உடன் சென்றோம். முற்றத்திற் கதிரை போட்டு இருத்தினார். மனைவியார் தேநீர் கொண்டுவந்தார். மாணவி நடுங்கும் குரலிற் படித்தாள். முடிந்ததும் அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “விழுந்தது விழுந்ததுதான் புள்ள, அது கிடக்கட்டும். ஆனா நீ எழுதின தருவின்ட பேர் பிழை. அத மாத்து” என்றார். சரியான தருவைச் சொல்லிக் கொடுத்தார். சொல்லும்போது மெல்லப் பாடியும் காட்டினார். மாணவி ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேட்டாள். வேண்டாம் என்றார். அவள் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

அவ்விமர்சனம் எமது கையெழுத்து ஏட்டில் வெளிவந்தது. இருபது வினாடியைப் பார்த்தோரில் நூற்றிலொரு பங்கினரும் அதனைப் படித்திருக்க மாட்டார். அவர் அதன் பின் சதங்கை கட்டவுமில்லை.

வேறொரு விதியும் எம் வகுப்பில் உண்டு. காணொளியின் இறுதியிற் பங்குபற்றிய ஒவ்வொருவரின் பெயரும் வர வேண்டும். இதனை எளிதென நினைத்தோர் பறைமேளக் கூத்தினைப் பதிவு செய்யச் சென்றபோது இடறினர். அண்ணாவியாரின் முழுப்பெயரையும் ஊரார் சொன்னார்கள். பறை முழக்கியவர்களைப் பற்றிக் கேட்டபோது, சாதிப் பெயரால் ஒரு சுட்டும், வீட்டுப் பெயரில் ஒரு பாதியும் கிடைத்தன. அவர்தம் வீட்டுக்கே சென்று கேட்டுவர வேண்டியதாயிற்று. அவ்வீட்டு இளைஞர் ஒருவர், “என்ட பேரப் போடாதீங்க. நான் இத விட்டிட்டுப் போகப் போறன்” என்றார். பறையை நம் மரபின் பெருமை என்று மேடையில் முழங்குவோர் அவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று நாம் அறியோம். அவர் விருப்பப்படி அப்பெயர் விடப்பட்டது. பெயர் ஏன் இல்லை என்பதை மாணவர் விமர்சனத்தில் எழுதினர்.

பெற்றோர் சிலர் எம்மிடம் வருவதுண்டு. பெரும்பாலார் ரியூசன் நேரம் வீணாகிறது என்பர். ஒரு தந்தை மட்டும் வேறு காரணம் சொன்னார். 2004 மே 31 இல் இதே மட்டக்களப்பு நகரிற் பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்டதை அவர் நினைவூட்டினார். மறு ஆண்டு ஏப்ரலில், இம்மாவட்டத்தவரான தருமரத்தினம் சிவராம் கொழும்பிற் கடத்திக் கொல்லப்பட்டதையும் சொன்னார். “கலையப் பத்தி மட்டும் எழுதட்டும் சேர், மத்ததுக்குப் போக வேணாம்” என்றார். அவருடைய அச்சத்தைக் கோழைமை என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. ஆனாற் கலையைப் பற்றி மட்டும் எழுதுதல் என்பது அவர் நினைப்பது போல் வேலி போட்ட வளவன்று. ஒரு கூத்தைப் பற்றி ஒழுங்காக எழுதப் புகுந்தால், கோயில் வெளியில் எவர் ஆடலாம், எவர் ஆடக்கூடாது என்பது வந்துவிடுகிறது. பறைமேளக் கூத்து அதைத்தானே காட்டியது. இதனை அத்தந்தைக்கு மறைக்காமற் சொன்னோம். மகனை அவர் நிறுத்தவில்லை. என்ன எழுதுகிறான் என்று ஒவ்வொரு தாளையும் வாங்கிப் படிக்கிறார். எம் வகுப்புக்கு வாய்த்த மிகக் கவனமான வாசகர் அவரே.

வசதிகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. வகுப்பிற் பாதிப் பேரிடம் கைத்தொலைபேசி இல்லை; இருவருக்கு ஒன்றெனப் பகிர்ந்துகொள்கிறார்கள். தொடங்கிய ஆண்டே நாட்டில் நெருக்கடி முற்றியது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளிற் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. மின்னேற்ற வழியில்லாத அந்நாட்களில், காணொளியைக் கைவிட்டு ஒலிப்பதிவு மட்டும் செய்தார்கள். எம்மிடமுள்ள பதிவுகளிற் சிறந்தவை அக்காலத்தவை.

அப்பதிவுகளை எங்கே சேமிப்பது என்பது இன்னும் தீரவில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். பிரதியெடுத்துப் பல இடங்களில் வைக்க வேண்டும் என்ற பதைப்பு எமக்கு உண்டு. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கூத்துக் கொப்பிகளையும் கொடுக்கலாம் என்று கருதி, அண்ணாவியார் ஒருவரை அணுகினோம். கொப்பியைத் தொட்டுப் பார்க்க விட்டார், படமெடுக்க விடவில்லை. “கொப்பிக்குள்ள கூத்து இல்ல மனே. வந்து ஆடிப் படிங்க, கொப்பி தானா வரும்” என்று மாணவரைப் பார்த்துச் சொன்னார். இருவர் சென்று சேர்ந்துள்ளனர். சட்டங் கொடுத்தாயிற்று, ஒருவனுக்குத் தூதுவன் வேடம், மற்றவனுக்கு மந்திரி. அவர்களுடைய விமர்சனத்தை இனி எவர் எழுதுவது என்று வகுப்பில் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஆடுபவனே எழுதலாகாது என்கிறது ஒரு கட்சி. ஆடாதவனுக்கு என்ன தெரியும் என்கிறது மறு கட்சி.

புதன்கிழமை அறையை இவ்வாண்டு முடியும்வரை பயன்படுத்த அதிபர் அனுமதித்துள்ளார். அடுத்த ஆண்டு அவ்வறை கணித மேலதிக வகுப்புக்கு வேண்டுமாம். மாமரத்தடி இருக்கிறது என்கிறார்கள் மாணவர். மழைக்கு என் செய்வதென்று சக ஆசிரியரும் நாமும் பேசிக்கொண்டிருக்கிறோம்.