தேரும் சுக்கானும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாளும் ரங்கமன்னாரும் எழுந்தருளும் பெருந்தேரை வடம் பிடித்து இழுப்பவர்கள் ஆயிரக்கணக்கான பக்தர்கள்தாம் என்றாலும், அது ரத வீதிகளின் வீடுகளில் மோதாமல், மூலைகளில் சிக்காமல் நிலைக்கு வந்து சேருவது, சக்கரத்தோரமாகக் குனிந்து நடந்து உரிய கணத்தில் உரிய இடத்தில் முட்டுக்கட்டையைச் செருகுகிற சிலருடைய சாமர்த்தியத்தாலேயே என்பதை, ராஜபாளையத்திலிருந்து வருஷந்தோறும் தேர் பார்க்கப் போகிற என் போன்றவர்கள் நன்கறிவோம். தேரின் போக்கைக் கவனிப்பவர் ஒருவர். கட்டை போடுகிறவர் வேறொருவர். மேளமும் கோஷமும் காதை அடைக்கிற வேளையில் முன்னவர் துண்டை வீசிக் காட்டும் சைகை பின்னவருக்குப் புலப்படாமற் போனால், ஒருவருடைய கண்ணும் மற்றவருடைய கையும் எவ்வளவு தேர்ச்சி பெற்றிருந்தும் பிரயோஜனமில்லை.

கொச்சியில் நண்பரொருவரின் பாய்மரப் படகில், சுக்கானைத் தானே இயக்கும் ஆட்டோபைலட் பொருத்தி வயரிங் செய்தபோது கூட இருந்து பார்த்த எனக்கு, இந்த உண்மையே மீண்டும் பிரத்தியட்சமாயிற்று. அத்தகைய யந்திரத்தின் அவசியத்தை விவரிக்க வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் புறப்பட்டு, 2025 மே 29-இல் திரும்பிய இந்தியக் கடற்படை அதிகாரிகளான ரூபாவும் தில்னாவும் போல, இருவர் மட்டுமே உலகை வலம் வருகையில், ஒருவர் உறங்க மற்றவர் பாய்களைக் கவனிக்கவேண்டியிருந்தால், சுக்கானுக்கு மூன்றாவது கை ஒன்று தேவைப்படுவது இயல்பே. 1960-ஆம் ஆண்டு அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியாகக் கடக்கும் பந்தயத்தில் ஹாஸ்லர் என்ற ஆங்கிலேயர், மின்சாரமே இல்லாமல் காற்றின் விசையாலேயே சுக்கானை இயக்கும் சாதனத்தைக் கொண்டு சென்றார். இன்றைய ஆட்டோபைலட்டோ முழுக்க மின்சாரத்தை நம்பியது.

அதற்கு அங்கங்கள் மூன்று: திசையை உணரும் மின்திசைகாட்டி, உணர்ந்ததை உத்தேசித்த திசையோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் சிறு கம்ப்யூட்டர், அதன் கட்டளைப்படி சுக்கானைத் தள்ளவும் இழுக்கவும் செய்யும் மோட்டார். இவற்றோடு, சுக்கான் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை தொடர்ந்து கம்ப்யூட்டருக்குத் தெரிவிக்கும் சிறு கருவியொன்றும் உண்டு. விலை கொடுத்து வாங்கியவை இவை. ஆனால் பெரும்பாலான உழைப்பு இவற்றைப் பொருத்துவதில் செலவாகவில்லை, இவற்றுக்கு நடுவே கம்பி இழுப்பதிலேயே செலவாயிற்று.

திசைகாட்டியை முதலில் வைத்த இடத்தில், கேபின் விளக்கைப் போட்டதும் திசை எண் சில பாகை நகர்ந்தது. அணைத்ததும் பழைய இடத்துக்கே திரும்பியது. அருகே ஓடிய விளக்குக் கம்பியில் மின்சாரம் பாய்ந்தவுடன் உண்டான காந்தப் புலமே அதற்குக் காரணம். போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இரண்டின் புலங்களும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துக்கொள்ளும் என்ற சூக்ஷ்மத்தை அறிந்திருந்த எலெக்ட்ரீஷியன், அவ்வாறே முறுக்கியதோடு, திசைகாட்டியையும் இரும்புக்கும் எஞ்சினுக்கும் எட்டத்தில் மாற்றி வைத்தார். பிறகு அலையில்லாத நீரில் படகை மெதுவாக வட்டமிடச் செய்து, மிஞ்சிய பிழையை யந்திரமே கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும்படி விட்டார்கள்.

மோட்டாரின் கம்பி விஷயம் இதைவிட முக்கியமானது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து படகின் பின்கோடி வரை மெல்லிய கம்பியை இழுத்தால், வழியிலேயே மின்னழுத்தம் குறைந்து, பலத்த காற்றில் சுக்கான் அதிக விசையைக் கேட்கும் சமயத்தில்தான் மோட்டார் சோர்ந்து நிற்கும். இத்தகைய முக்கிய இணைப்புகளில் 3 சதவீதத்துக்கு மேல், அதாவது 0.36 வோல்ட்டுக்கு மேல், குறையலாகாது என்பது படகு மின்வேலையின் நியதி. ராஜபாளையத்து மில்களில் மோட்டார்களோடு பழகிய எவரும் இதை உடனே ஒப்புக்கொள்வர்.

ஆகையால் ஆட்டோபைலட் வாங்க எண்ணுகிறவர்கள், எந்தக் கம்பெனியுடையது சிறந்தது என்று விசாரிக்குமுன், பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகவும் வரவுமான தூரத்தை அளந்து, அதற்கேற்ற கனத்தில் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியும், பேட்டரியருகே அதற்கெனத் தனி ஃபியூஸும் வாங்கி வைக்கட்டும்.